கிராம சபையில் குடிநீர்க் குறையைத் தீர்மானமாக்குவது எப்படி?

கடலூர் மாவட்டத்தில் குடிநீரைப் பற்றிப் பேச்சு எழாத கிராம சபைக் கூட்டம் அரிது. ஆனால் பேசியதில் பெரும்பகுதி பந்தல் பிரிக்கும்போதே கலைந்துபோகிறது. "எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை" என்று பத்துப் பேர் எழுந்து சொல்வார்கள். "ஏற்பாடு செய்கிறோம்" என்று பதில் வரும். தீர்மானப் புத்தகத்தில் "குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது" என்று ஒரு வரி ஏறும். அந்த ஒரு வரியைக் காட்டி எந்த அலுவலகத்திலும் எதையும் கேட்க இயலாது. எந்த இடத்தில், எவ்வளவு குறைவு, யார் சரிசெய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்ற நான்கும் தீர்மானத்தில் இருந்தால்தான் பிறகு ஊர் அதைத் தொடர்ந்து கேட்க முடியும்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால், குடிநீரைப் பற்றி விரிவாகப் பேச அதுவே பொருத்தமான கூட்டம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் உறுப்பினர்களே. பேசுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே அளவெடுக்கத் தொடங்க வேண்டும். பெரும்பாலோர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். என் கருத்தில் இதுவே பாதி வேலை. தெருவில் முதல் வீடு, நடு வீடு, கடைக்கோடி வீடு ஆகிய மூன்றையும் தேர்ந்துகொண்டு, தண்ணீர் திறந்த நேரம், நின்ற நேரம், ஒரு குடம் நிரம்ப எத்தனை நிமிடம் ஆனது என்று ஒரு நோட்டில் நாள்தோறும் குறித்து வாருங்கள். வீடுதோறும் குழாயில் குடிநீர் தரும் ஒன்றிய அரசின் ஜல் ஜீவன் திட்டம் நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு அது 275 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் ஏறக்குறைய 18 குடம். முதல் வீட்டில் இருபது குடம் பிடிக்கும் நேரத்தில் கடைக்கோடி வீட்டில் நான்கு குடம்தான் நிரம்புகிறது என்று நோட்டு காட்டினால், தொட்டியில் தண்ணீர் இல்லை என்ற பதில் அங்கே நிற்காது. குழாயில் அழுத்தம் குறைவதோ, வழியில் மோட்டார் வைத்து உறிஞ்சுவதோ, வால்வு சரியாகத் திறக்கப்படாததோதான் காரணம் என்று பேச்சு உரிய இடத்துக்கு வரும். தொட்டி இயக்குபவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் ஊரில் இல்லை. குறைந்த ஊதியத்தில் விடியற்காலையில் மோட்டார் போடுகிற அவரைக் கூட்டத்தில் குற்றவாளியாக நிறுத்துவது நியாயமும் ஆகாது, பயனும் தராது.

தண்ணீரின் தரம் குறையாக இருந்தால் அதற்கும் எண் வேண்டும். கடலோர ஊர்களில் உப்புச் சுவை ஏறுவது பழகிப்போன துன்பம். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீராதாரம் இல்லாதபோது 2000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் மாதிரியைச் சோதித்து, அந்த அறிக்கையுடன் செல்லுங்கள். உப்பேறிய ஊரில் "ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழப்படுத்துங்கள்" என்று அவசரப்பட்டுக் கேட்க வேண்டாம். கடலுக்கு அருகில் கூடுதலாக இறைத்தால் கடல்நீர் மேலும் உள்ளே வரக்கூடும்; பல ஊர்களுக்கு ஒரே நீராதாரத்திலிருந்து தண்ணீர் தரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் சேர்க்கக் கோருவதே பல ஊர்களுக்கு ஏற்றது.

அடுத்தது, யாரிடம் கேட்பது என்பது. கூட்டுக் குடிநீர்த் திட்டமாக இருந்தால், நீராதாரத்திலிருந்து ஊர்த் தொட்டி வரை தண்ணீரைக் கொண்டுவருவது பொதுவாக வாரியத்தின் பொறுப்பு. தொட்டியிலிருந்து வீட்டுக் குழாய் வரை ஊராட்சியின் பொறுப்பு. இரண்டையும் ஒரே தீர்மானத்தில் கலந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிடுவார். தனித்தனித் தீர்மானமாக எழுதக் கேளுங்கள். வீராணம் ஏரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாய் வழியாகச் சென்னைக்குத் தண்ணீர் போகிறது, ஏரி இருக்கும் மாவட்டத்தில் நாம் குடத்தோடு நிற்கிறோம் என்ற ஆதங்கம் நியாயமானது. அதையும் அரசுக்கான கோரிக்கையாகத் தனியே நிறைவேற்றலாம். தெருக்குழாய்ச் சிக்கலோடு சேர்த்தால் இரண்டும் நீர்த்துப்போகும்.

மனுவை முன்கூட்டியே ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, கூட்டப்பொருளில் சேர்க்கக் கேட்டு, நகலில் ஒப்புகை பெறுங்கள். கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டிய குறைந்த அளவு ஆள் எண்ணிக்கையான குறைவெண்ணையும் நினைவில் வையுங்கள்: 501 முதல் 3000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 100 பேரும், 3001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சியில் 200 பேரும் வந்திருக்க வேண்டும். தண்ணீர் பிடிக்கும் சுமை பெண்கள் தலையில்தான் இருக்கிறது; அவர்கள் வந்து பேசினால் கூட்டத்தைப் பார்வையிடப் பற்றாளராக வரும் அலுவலர் கவனித்துக் கேட்கிறார்.

தீர்மானம் இப்படி அமையலாம்: "வடக்குத் தெருவின் கடைசிப் பன்னிரண்டு வீடுகளுக்கு நாளொன்றுக்கு நான்கு குடத்துக்கு மேல் குடிநீர் கிடைக்காததால், அத்தெருவுக்குத் தனி வால்வு பொருத்தும் பணியை ஊராட்சி நிர்வாகம் வரும் மாதம் 30ஆம் தேதிக்குள் முடிக்க வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது." கூட்டம் முடியுமுன் அதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானம் எழுதப்படாத வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதிய பக்கத்தைப் படமெடுத்துக்கொள்வது நல்லது.

நகல் தர மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். குறித்த தேதி கடந்தும் வேலை தொடங்காவிட்டால் நகலை இணைத்து வட்டார வளர்ச்சி அலுவலரிடமும், பிறகு திங்கள்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் மனு கொடுங்கள். முதலமைச்சரின் உதவி மையத் தொலைபேசி எண்ணான 1100-லும் பதிவு செய்யலாம். அளவெடுப்பதை இடையில் நிறுத்த வேண்டாம். அடுத்த கிராம சபையில் சென்ற தீர்மானத்தின் மீது எடுத்த நடவடிக்கையை முதலில் வாசிக்கச் சொல்லும்போது, அதே நோட்டின் புதிய பக்கங்கள் கையில் இருக்க வேண்டும்.