ஆப் காட்டும் ஸ்டாரை விடுங்கள், தாளில் கேட்டுப் பாருங்கள்

காட்பாடி, குடியாத்தம் பக்கம் டியூஷன் எடுப்பவர்களே, கற்றல் ஆப்புக்கு வருடச் சந்தா கட்டும் முன் இதைச் செய்யுங்கள். எத்தனை மணி நேரம் பார்த்தது, எத்தனை ஸ்டார் வாங்கியது என்பதெல்லாம் பிள்ளை ஆப்பைத் திறந்ததற்குத்தான் கணக்கு, படிப்பு ஏறியதற்கு அல்ல.

ஆரம்பிக்கும் முன்பே தாளில் சின்னத் தேர்வு ஒன்று வையுங்கள். கிராமப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் அசர் (ASER) ஆய்வில் செய்வதுபோல ஒரு சிறு கதையை வாசிக்கச் சொல்லி, கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு ஒன்று, வகுத்தல் ஒன்று கொடுத்தாலே நிலவரம் தெரிந்துவிடும். 52-இல் 27 போனால் 35 என்று பிள்ளை எழுதினால், 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது என்று அர்த்தம், அதைக் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே கடினத்தில் வேறு கணக்கு.

ஆனால் அந்த மூன்று மாதமும் பள்ளியில் பாடம் நடந்திருக்குமே! அதனால் 20 பேர் இருந்தால் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு மட்டும் ஆப்பைக் கொடுத்து, தேர்வை எல்லாருக்கும் வையுங்கள், மீதிப் பேருக்கு அடுத்த பருவத்தில் கொடுக்கலாம். ஆர்வமுள்ள பிள்ளைகளாகப் பொறுக்கிக் கொடுத்தால் எந்த ஆப்பும் நல்லதாகத்தான் தெரியும். பாதியில் விட்டவர்கள் மார்க்கையும் சேர்த்தே பாருங்கள். 20 பேர் சின்னக் கூட்டம், ஒன்றிரண்டு மார்க் வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.