ஸ்ட்ராப் கையில், கிளிப் பெயின்ட்டில்: கணினி பூட்டும்போது தவிர்க்க வேண்டியவை

பாகங்களை வாங்கி முதல் முறையாகக் கணினி பூட்டுகிறவர்கள் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம், நிலைமின்சாரம் (உடம்பில் சேர்ந்து பாகங்களைக் கெடுக்கும் மின்னூட்டம்) விஷயத்தில் தொடக்கத்தில் நானும் செய்த அதே தவறுகள் கண்ணில் படுகின்றன. கம்பளி விரிப்பும் நைலான் சட்டையும் அதைக் கூட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிளிப்பைப் பெயின்ட்டின் மேல் மாட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பொறுக்காது. காசு கொடுத்து ரிஸ்ட் ஸ்ட்ராப் (உடம்பின் மின்னூட்டத்தைக் கம்பி வழியாகக் கேபினட்டுக்குக் கடத்தும் மணிக்கட்டுப் பட்டை) வாங்கி, மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, கிளிப்பைக் கறுப்புப் பெயின்ட் அடித்த கேபினட் ஓரத்தில் மாட்டுவார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. உடம்பில் சேர்ந்த மின்னூட்டம் போக வழியில்லை. 'ஸ்ட்ராப் போட்டிருக்கிறோமே' என்ற தைரியத்தில் கை இன்னும் அலட்சியமாகிறது.

தெரிந்த பையன் ஒருவன் இப்படித்தான் பூட்டினான். கணினி உடனே ஓடியது. சில வாரங்களில் திடீர் திடீரென்று நிற்க ஆரம்பித்தது. ராமைச் சோதித்தால் பிழை. ஸ்லாட் மாற்றினாலும் அதே பிழை. புது ராம் வாங்கிப் போட்ட பிறகுதான் சரியானது. நிலைமின்சாரம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அது செய்யும் வேலை பல நேரம் இப்படித்தான் இருக்கும்: சிப்பை ஒரேயடியாகக் கொல்லாமல், உள்ளே இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தை அரைகுறையாகப் பழுதாக்கிவிடும். பழுது பிறகு வெளிவரும்போது யாருக்கும் பூட்டிய நாள் நினைவுக்கு வராது.

கிளிப் வெற்று உலோகத்தைக் கடிக்க வேண்டும்: பெயின்ட் இல்லாத ஸ்க்ரூத் தலை, பின்பக்க ஸ்லாட் ஓரம். பட்டையின் உலோகத் தகடு தோலில் படவேண்டும், சட்டைக் கையின் மேல் அல்ல. மல்டிமீட்டர் இருந்தால் ஒரு முனையைத் தகட்டிலும் மறுமுனையைக் கேபினட்டின் வெற்று உலோகத்திலும் வையுங்கள். சுமார் 1 மெகாஓம் காட்டினால் சரி. அது ஸ்ட்ராப்பில் இருக்கும் ரெசிஸ்டர் (மின்தடை). உங்கள் உயிருக்காக இருக்கிறது: தவறி 230 வோல்ட்டைத் தொட்டாலும் ஸ்ட்ராப் வழியாக ஓடுவது கால் மில்லிஆம்பியருக்கும் குறைவு. ஸ்ட்ராப்புக்குப் பதில் வெறும் கம்பியைக் கையில் கட்டிக்கொள்ளவே கூடாது.

உங்கள் கை, கேபினட், மாட்டப்போகும் பாகம் எல்லாம் ஒரே மின்னழுத்தத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். எஸ்எம்பிஎஸ்ஸை (கணினியின் பவர் சப்ளையை) பொருத்தி, அதன் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒழுங்காக எர்த் உள்ள பிளக்கில் செருகி வைத்தால் கேபினட்டுக்கு எர்த்தும் கிடைத்துவிடும்.

'ஷாக் அடிக்கவே இல்லையே!'

விரலில் சுருக்கென்று உணரவே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். 100 வோல்ட்டிலேயே கெட்டுப்போகும் சிப்புகள் உண்டு.

பையின் மேல் மதர்போர்டை வைத்து ஓட்டிப் பார்ப்பது

வெள்ளிநிற ஆன்டிஸ்டேட்டிக் பை, பொருளை உள்ளே வைத்து மூடினால்தான் காக்கும். அதில் உலோகப் படலம் இருக்கிறது. ஓடும் போர்டை அதன் மேல் வைக்கலாமா? போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். இளஞ்சிவப்புப் பை தன்னளவில் மின்னூட்டம் உண்டாக்காது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் பாய்ச்சலைத் தடுக்காது.

எஸ்எம்பிஎஸ் சுவிட்ச் ஆனில் இருக்க ராம் மாட்டுவது

கூடாது. 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் போர்டில் இருந்துகொண்டே இருக்கும்.

கம்பியில்லா ஸ்ட்ராப்

வாங்காதீர்கள். கம்பி இல்லாவிட்டால் மின்னூட்டம் போக வழியில்லை.

எழுந்து போய் வந்து அப்படியே பாகத்தைத் தொடுவது

நாலு அடி நடந்தாலே மறுபடி மின்னூட்டம் ஏறும். முதலில் கேபினட்டின் வெற்று உலோகம், பிறகு பாகம். யாராவது பிராசஸரை நீட்டினால், முதலில் அவர் கையைத் தொட்டுவிட்டு வாங்குங்கள்.