போலந்து பழைய ரெக்கார்டுல ஒரு அம்மா பேரோட பதவி இருந்தா எப்படிப் படிக்கிறது

18ம் நூற்றாண்டு போலந்து பேப்பர்ல ஒரு ஜமீன் வீட்டு அம்மா பேருக்குப் பக்கத்துல "ஸ்டரோஷ்சினா"ன்னு இருந்தா உடனே ஆஹா பொம்பள ஸ்டரோஸ்டான்னு (ராஜா நிலத்தப் பார்த்துக்கிற பதவி அது) குதிச்சிடாதீங்க, நான் குதிச்சு ஒரு வம்சாவளியையே தப்பா போட்டு அப்புறம் ராத்திரி பூரா உக்காந்து அழிச்சேன். வாத்தியார் சம்சாரத்த வாத்தியாரம்மான்னு கூப்பிடறோம்ல, அதே கதைதான்.

மொதல்ல விகுதியப் பாருங்க. ஸ்டரோஸ்டா பொண்டாட்டி ஸ்டரோஷ்சினா, மக ஸ்டரோஷ்சான்கா, மகன் ஸ்டரோஷ்சிட்ஸ். புருஷன் போனாலும் பட்டம் போகாது. அன்னா யப்லோனோவ்ஸ்காவ எடுத்துக்கோங்க, புருஷன் ப்ராட்ஸ்லாவ் மாகாணத்து வோயெவோடா, அதாவது கவர்னர் மாதிரி, 1764ல செத்துட்டார், 1793ல ப்ராட்ஸ்லாவே ரஷ்யாகிட்ட போயிடுச்சு, ஆனா 1800ல சாகிற வரைக்கும் இந்தம்மா வோயெவோஜினாதான். ஷெமியாதிச்சே எஸ்டேட்ட தானே நடத்தி, மேனேஜருங்களுக்கு ரூல்ஸ் புக்கே அச்சடிச்சாங்க, கில்லாடி! ஆனா அது சொந்த நிலம், பதவி இல்ல.

சரி, நீங்க தேடற அம்மா கையில நிஜமாவே ஒரு ஸ்டரோஸ்த்வோ, அதாவது ஸ்டரோஸ்டாவுக்கு ராஜா குடுக்கிற நிலம், இருந்துச்சான்னு எப்படித் தெரியும்? ஸ்டரோஸ்த்வோ ரெண்டு வகை, ஒண்ணுல கோர்ட்டு உண்டு, இன்னொண்ணு வெறும் ராஜா நிலம், வருமானத்துக்கு. பொம்பளைங்க கைக்கு வந்தது பெரும்பாலும் ரெண்டாவதுதான். ராஜா குடுத்த பத்திரத்துல "யுஸ் கொம்முனிகாதிவும்"னு லத்தீன்ல இருக்கான்னு தேடுங்க, பொண்டாட்டியையும் சேர்த்துக்கிட்ட உரிமை அது, புருஷனுக்கப்புறம் ஆயுசுக்கும் நிலம் அவங்களுது. இது கிடைச்சா பாதி வேலை முடிஞ்சுது. வார்சா ஆர்க்கைவ்ல மெட்ரிகா கொரொன்னான்னு ராஜா பத்திரங்களோட பதிவேடு வால்யூம் வால்யூமா இருக்கு, அங்கதான் தேடணும்.

அப்புறம் 1765 லுஸ்ட்ராட்சியா, அதாவது ராஜா நிலத்த போய்ப் பார்த்து எழுதின கணக்கு, ஊர் ஊரா மில்லு, சாராயக்கடை, குடியானவன் குடுக்கிற கோழி முட்டைன்னு போகும், எனக்கு இதப் படிக்கிறதுதான் ஜாலி. அதுல அனுபவிக்கிறவங்க பேர் யாருது, வருமானத்துல கால் பங்கு "க்வார்ட்டா" வரி யார் பேர்ல போகுது, ரெண்டையும் பத்திரத்தோட ஒப்பிடுங்க. 1775க்கு அப்புறம்னா உஷார், 50 வருஷக் குத்தகைன்னு சட்டமே மாறிடுச்சு.

வம்சாவளில போடும்போது புருஷன் வழி பட்டத்த ஒரு கட்டத்துல, தானே வச்சிருந்த ஸ்டரோஸ்த்வோவ வருஷத்தோட தனிக் கட்டத்துல போடுங்க, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுடாதீங்க.