முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோய்: ஸ்கோர் போடும்போது தவிர்க்க வேண்டியவை

முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்யலாமா என்று முடிவெடுக்க ஸ்கோர் போடும் இளம் மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூட்டல் பிழை, ஸ்கேனில் ஒரு எலும்பைத் தவறவிடுவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். கீழே உள்ளவை தானாகச் சரியாவதில்லை.

சின்ஸ் ஸ்கோரை வைத்து ஆயுளைக் கணிப்பது

சின்ஸ் எலும்பின் உறுதியைச் சொல்லும். ஆயுளைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

ஏன் படுத்திருக்கிறார் என்று கேட்காமல் பூஜ்ஜியம் போடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். மார்பகப் புற்றுநோய் உள்ள ஒரு அம்மா. கேஸ் ஷீட்டில் "டோக்குஹாஷி 8, அறுவை சிகிச்சை வேண்டாம்" என்று எழுதியிருந்தது. 2005-இல் திருத்தப்பட்ட டோக்குஹாஷி அட்டவணையில் மொத்தம் 15 புள்ளிகள். 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஆயுள் ஆறு மாதத்துக்கும் குறைவு, 9 முதல் 11 வரை ஆறு மாதமோ அதற்கு மேலோ, 12 அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு வருடமோ அதற்கு மேலோ என்பது கணிப்பு.

கணக்கில் தப்பில்லை. மார்பகம் என்பதால் 5. உள்ளுறுப்புகளில் பரவல் இல்லை, 2. முதுகிலும் மற்ற எலும்புகளிலும் பல இடங்களில் பரவல், இரண்டுக்கும் 0. கால்களில் பாதி பலம், 1. பொது உடல்நிலை படுத்த படுக்கை, 0.

மகனிடம் கேட்டேன், போன வாரம் அம்மா எப்படி இருந்தார் என்று. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் அம்மாதான் சார் சமைச்சாங்க. திங்கக்கிழமை காலையில கட்டில்ல இருந்து எழுந்தப்போ கால் மடங்கிடுச்சு."

அவரைப் படுக்க வைத்தது புற்றுநோயின் முற்றிய நிலை அல்ல, தண்டுவடத்தை அழுத்தும் ஒரே ஒரு எலும்பு. அந்த அழுத்தத்துக்காகக் காலில் ஒரு புள்ளி போனது, அதே அழுத்தத்துக்காகப் பொது உடல்நிலையில் இன்னும் இரண்டு போனது. எதைச் சரிசெய்ய அறுவை சிகிச்சையோ, அதையே காரணம் காட்டி அறுவை சிகிச்சையை மறுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை நிலையை வைத்து உடல்நிலைக்கு 2 போட்டால் மொத்தம் 10. முடிவு அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடுகிறது. அழுத்தத்தை நீக்கி, ஸ்க்ரூ, ராடு வைத்து, காயம் ஆறியபின் ரேடியேஷன் கொடுத்தோம். வாக்கர் பிடித்து நடந்துதான் வீட்டுக்குப் போனார்.

அதனால் இரண்டு எண்களையும் எழுதச் சொல்கிறேன்: இன்றைய நிலைக்கு ஒன்று, கால் விழுவதற்கு முந்தைய நிலைக்கு ஒன்று. இரண்டாவது எண் அட்டவணையில் உள்ள முறை அல்ல, முடிவெடுக்கும்போது கேட்டாக வேண்டிய கேள்வி. எல்லாருக்கும் அது சாதகமாகவே வரும் என்றும் நினைக்க வேண்டாம். மாதக்கணக்கில் எடை குறைந்து, சாப்பாடு இறங்காமல், ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் 3.5-க்குக் கீழே போய்ப் படுத்தவருக்குப் போடும் பூஜ்ஜியம் உண்மையான பூஜ்ஜியம். அவரை மேஜையில் ஏற்றுவது அவருக்கு நாம் செய்யும் கொடுமை.

நுரையீரல் என்றதும் கையை விரிப்பது

டோக்குஹாஷியில் நுரையீரலுக்கு 0. 2001-இல் வந்த டொமிட்டா முறையிலும் அது வேகமாக வளரும் வகை, 4 புள்ளி. அங்கே புள்ளி கூடக்கூட நிலைமை மோசம். புற்றுநோயின் மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் இலக்கு மருந்துகள் வழக்கத்துக்கு வருமுன் சிகிச்சை பெற்றவர்களை வைத்துப் போட்ட கணக்கு அது. இன்று ஈ.ஜி.எஃப்.ஆர். அல்லது ஏ.எல்.கே. மரபணுவில் மாற்றம் உள்ளவர்களில் மாத்திரையிலேயே ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். மரபணு முடிவு தெரியாமல் அந்தப் பூஜ்ஜியத்தை இறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம், பயாப்ஸியில் எடுத்த எலும்பைக் கடும் அமிலத்தில் ஊறவைத்தால் டி.என்.ஏ. சிதைந்து, மரபணுப் பரிசோதனை செய்ய முடியாமல் போகலாம். பெத்தாலஜியில் முன்பே சொல்லிவையுங்கள்.

லிம்ஃபோமா, மைலோமாவுக்கு அவசரமாகக் கத்தி எடுப்பது

இவை ரத்தப் புற்றுநோய் வகைகள். எலும்பு நிலையாக இருந்தால் ரேடியேஷனுக்கும் மருந்துக்குமே கட்டி கரையும்.

ஸ்கோர் முழுமையாகட்டும் என்று காத்திருப்பது

உடல் முழுதும் பரவலைத் தேடும் பெட் ஸ்கேனுக்குத் தேதி வாங்கிக்கொண்டிருக்கும்போது காலில் இருந்த பலம் போய்விடும். 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பேட்செல் குழுவின் ஆய்வில், அறுவை சிகிச்சையும் ரேடியேஷனும் சேர்த்துப் பெற்றவர்களில் 84 சதவீதம் பேர் நடந்தார்கள். ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம். ஆனால் 48 மணி நேரத்துக்கு மேல் கால்கள் முழுதாகச் செயலிழந்திருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. கால் பலம் மணிக்கு மணி குறைகிறது என்றால், கையில் இருக்கும் தகவலை வைத்துச் சீனியரைக் கூப்பிடுங்கள்.

குடும்பத்திடம் "ஆறு மாசம்" என்று சொல்வது

அந்த எண் பல நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது, தனி ஒருவரைப் பற்றியது அல்ல. வீட்டார் அதைத் தேதியாகக் கேட்டுக்கொண்டு, வலிக்கான சிகிச்சையைக்கூட நிறுத்திவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுகிறார்கள். வலி எவ்வளவு குறையும், நடக்க வாய்ப்பு உண்டா, சிறுநீர்க் குழாயை எடுக்க முடியுமா, இவற்றை முதலில் சொல்லுங்கள். ஆயுளைப் பற்றி அவர்களே கேட்டால், மருந்து கொடுக்கும் புற்றுநோய் மருத்துவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.