புரொஜெக்டரில் பிலிம் பொசுங்குவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

35 மி.மீ. சினிமா பிலிம் நொடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படங்கள்) வேகத்தில் ஓடும்போது, ஒவ்வொரு ஃபிரேமின் மீதும் வெளிச்சம் விழும் நேரம் மொத்தமாகவே நொடியில் ஏறக்குறைய 48-இல் ஒரு பங்குதான். விளக்குக்கும் லென்ஸுக்கும் நடுவில் பிலிமைத் தட்டையாகப் பிடித்துக்கொண்டு நிற்கும் சின்னச் சன்னலைத்தான் கேட் என்கிறோம். பெரிய திரை ஒன்றை நிரப்பப் போகிற வெளிச்சம் முழுவதும் முதலில் ஒரு தபால்தலை அளவு இடத்தில் குவிகிறது. 8 மி.மீ. பிலிமாக இருந்தால் அந்த இடம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பிலிம் நகர்ந்துகொண்டே இருப்பதால்தான் தப்பிக்கிறது. ஒரே ஃபிரேம் ஓரிரு நொடி நின்றுவிட்டால் நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு கொப்புளம் கிளம்பும், அப்புறம் ஓட்டை.

ஓட்டை விழுந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எனக்கு அதைவிடக் கவலை தருவது கண்ணில் படாமல் நடக்கும் சேதம். பிலிம் எரிவதில்லை, ஆனால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அளவுக்கு மீறிய சூடு வாங்கி, ஃபிரேமின் நடுப்பகுதி லேசாகப் புடைத்துக்கொள்கிறது. சில ஓட்டங்களுக்குப் பிறகு அந்தப் புடைப்பு நிரந்தரமாகிவிடும். திரையில் நடுப்பகுதி தெளிவாக இருந்தால் ஓரம் மங்கும், ஓரத்தைச் சரிசெய்தால் நடுப்பகுதி மங்கும். லென்ஸில்தான் கோளாறு என்று நினைத்து மணிக்கணக்கில் திருகிக்கொண்டிருப்போம். சுருளிலிருந்து கொஞ்சம் பிலிமை உருவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு குட்டித் தட்டு போலக் குழிந்திருந்தால் அது சூட்டின் வேலை. அதைப் பழையபடி தட்டையாக்க நம்பகமான வழி எதுவும் கிடையாது.

விளக்கை முதலில் போடுவது

எளிதாகத் தவிர்க்கக்கூடிய தவறும் இதுதான், அடிக்கடி நடக்கிற தவறும் இதுதான். மோட்டார் ஓடத் தொடங்கி, பிலிம் முழு வேகம் பிடித்த பிறகே வெளிச்சம் கேட்டைத் தொட வேண்டும். நிறுத்தும்போது இதற்கு நேர் எதிர்: முதலில் வெளிச்சத்தை மறைக்க வேண்டும், பிறகுதான் மோட்டாரை நிறுத்த வேண்டும். பல 16 மி.மீ. கருவிகளில் ஒரே குமிழைத் திருப்பும்போது முதலில் மோட்டாரும் அடுத்த நிலையில் விளக்கும் வரும்படி அமைத்திருப்பது இதற்காகவே. பெரிய கருவிகளில் விளக்குக்கு முன்னால் ஒரு மறைப்புத் தகடு இருக்கும். பிலிமின் வேகம் குறைந்தால் தானாக விழுந்து வெளிச்சத்தைத் தடுக்கும் பாதுகாப்பு ஷட்டரும் இருக்கும். அந்த ஷட்டர் சுழலும் வேகத்தை நம்பித் திறந்து நிற்பது. பழைய எண்ணெய் பிசினாகி, அது பாதித் திறப்பில் ஒட்டிக்கொண்ட கருவிகளை நான் பார்த்திருக்கிறேன். "எப்போது பார்த்தாலும் விழுந்து தொல்லை தருகிறது" என்று கம்பி வைத்துக் கட்டிவிடுபவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அடிக்கடி விழுகிறது என்றால் வேகத்தில் ஏதோ கோளாறு, அதைத்தான் தேட வேண்டும்.

படம் முடிந்து விளக்கை அணைத்த பிறகும் கேட்டின் உலோகம் சூடாகவே இருக்கும். பிலிமை அதில் மாட்டியபடியே விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. மின்விசிறியையும் உடனே நிறுத்த வேண்டாம். ஹாலஜன் விளக்கு என்றால் சில நிமிடங்கள், செனான் என்றால் குறைந்தது 10 நிமிடங்கள் காற்று ஓடட்டும்.

பிரகாசத்துக்காகச் சூட்டை ஏற்றுவது

படம் மங்கலாகத் தெரிந்தால் நம் கை முதலில் போவது அதிக வாட் விளக்கை நோக்கி. மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. லென்ஸில் எண்ணெய்ப் படலம், விளக்குக்குப் பின்னால் இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியில் தூசி, புரொஜெக்டர் அறையின் சுவரில் உள்ள சன்னல் கண்ணாடியில் அழுக்கு, பழுப்பேறிய திரை என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தைத் தின்றிருக்கும். இவற்றில் பல, பிலிமைத் தாண்டிய பிறகு வெளிச்சத்தை இழப்பவை. அதை ஈடுகட்ட விளக்கைக் கூட்டினால் அந்தக் கூடுதல் சூடு முழுவதையும் பிலிம்தான் தாங்க வேண்டும். முதலில் துடையுங்கள், பிறகு பாருங்கள்.

விளக்கின் வாட் அளவு கருவிக்குள் எழுதியிருப்பதைத் தாண்டவே கூடாது. அந்தக் கருவியின் மின்விசிறி, சூட்டைத் தடுக்கும் வடிகண்ணாடி, காற்றுப் பாதை எல்லாம் அந்த ஓர் அளவுக்காகக் கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. மின்னழுத்தத் தேர்வுக் குமிழ் தவறான எண்ணில் இருந்தாலும் அதே விளைவுதான். விளக்கை மாற்றிய பிறகு பிலிம் இல்லாமல் திரையில் வெறும் வெளிச்சத்தைப் போட்டுப் பாருங்கள். நடுவில் மட்டும் கண் கூசும்படி ஒரு வட்டம் தெரிந்தால் விளக்கு சரியான இடத்தில் உட்காரவில்லை. திரையில் எங்கே அந்தப் பொட்டு தெரிகிறதோ, பிலிமில் அங்கேதான் சூடும் குவிகிறது.

வடிகண்ணாடியைக் கழற்றுவது

விளக்கிலிருந்து வருவது வெளிச்சம் மட்டும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களும் பெருமளவில் வருகின்றன. திரையில் அவற்றுக்கு எந்த வேலையும் கிடையாது. வழியில் பிலிமைச் சுடுவது மட்டும்தான் அவை செய்வது. அதனால் இரண்டு விதமாக அவற்றைத் தடுக்கிறார்கள். ஒன்று, விளக்குக்கும் கேட்டுக்கும் நடுவில் சூட்டை உறிஞ்சும் அல்லது திருப்பியனுப்பும் கண்ணாடி. இன்னொன்று, வெளிச்சத்தை மட்டும் முன்னால் அனுப்பி, அகச்சிவப்பைத் தன் முதுகுப் பக்கமாக வெளியேற்றிவிடும் மென்பூச்சுப் பிரதிபலிப்பான்.

வடிகண்ணாடி விரிசல் விட்டால் அதை எடுத்துப் போட்டுவிட்டு, "படம் முன்னைவிடப் பளிச்சென்று இருக்கிறது" என்று மகிழ்பவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான், கொஞ்சம் பளிச்சென்று இருக்கும். அன்று ஓடிய ரீலின் ஆயுள் எவ்வளவு குறைந்தது என்பது அன்றைக்குத் தெரியாது. சாதாரணக் கண்ணாடியை அளவாக வெட்டிச் சொருகுவதும் பயன்தராது. அது அகச்சிவப்பில் பெரும்பகுதியைக் கடக்க விட்டுவிடும், சூட்டில் உடைந்தும் போகும். சரியான கண்ணாடியை மாட்டும்போது சட்டத்தில் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. சூட்டில் விரிவதற்கு இடம் இல்லாவிட்டால் புதிய கண்ணாடியும் விரிசல் விடும். முதல் கண்ணாடி உடைந்ததற்குக் காரணமே பலமுறை இதுதான். பிரதிபலிப்பானை மாற்றும்போதும் கவனம் வேண்டும். மென்பூச்சு வகைக்குப் பதிலாகச் சாதாரண உலோகக் கண்ணாடியை வைத்தால், பின்பக்கம் போக வேண்டிய சூடு முழுவதும் முன்பக்கம் வந்துவிடும்.

கறுப்பு வெள்ளையையும் வண்ணத்தையும் ஒன்றாக நினைப்பது

இதை யாரும் அதிகம் சொல்வதில்லை. கறுப்பு வெள்ளைப் பிலிமில் உருவத்தைத் தாங்கியிருப்பது வெள்ளித் துகள்கள். வெள்ளி அகச்சிவப்பையும் தடுத்து உறிஞ்சும். வண்ணப் பிலிமில் உருவம் சாயங்களால் ஆனது. சாயங்கள் வெளிச்சத்தைத் தடுத்தாலும் அகச்சிவப்பைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடும். (வண்ணப் பிரதிகளிலும் ஒலித்தடத்தை மட்டும் நெடுங்காலம் வெள்ளியிலேயே வைத்திருந்ததற்கு இதுவே காரணம். பழைய ஒலிக்கருவிகளின் விளக்கும் ஒளியுணரியும் அகச்சிவப்பை நம்பி இருந்தன.) ஆகவே ஒரே விளக்கில், ஒரே வேகத்தில் ஓடினாலும் கறுப்பு வெள்ளைப் படத்தின் இருட்டுக் காட்சிகள் மிக அதிகமாகச் சூடேறும். தொடக்கத்தில் ஒட்டியிருக்கும் கறுப்பு லீடரும் அப்படித்தான். வண்ணப் படம் நன்றாக ஓடியது என்பதற்காக அதே அமைப்பில் பழைய கறுப்பு வெள்ளை ரீலை ஓட்டிவிடாதீர்கள். விளக்கைக் குறைக்கும் வசதி இருந்தால் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

லூப்பைக் கவனிக்காமல் விடுவது

கேட்டுக்கு மேலும் கீழும் பிலிம் தளர்வாக வளைந்து நிற்கும் இடம்தான் லூப். பற்சக்கரம் நிற்காமல் சுழல்கிறது, கேட்டிலோ பிலிம் நின்று நின்று நகர்கிறது. இந்த இரண்டு அசைவுக்கும் நடுவில் விட்டுக்கொடுப்பது அந்த வளைவு. அது போய்விட்டால் கேட்டில் பிலிமை இழுக்கும் கொக்கி துளைகளைக் கிழித்துக்கொண்டு அதே இடத்தில் ஆடும். பிலிம் நகராது, விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

ஒருமுறை நண்பர்களுக்காக 16 மி.மீ. ரீல் ஒன்றை ஓட்டிவிட்டு, நானும் அவர்களோடு போய் உட்கார்ந்துவிட்டேன். பழைய ஒட்டு ஒன்று கேட்டில் சிக்கியது. டடடட என்று ஒரு சத்தம், திரையில் படம் குதித்தது, எழுந்து நான்கு அடி வைப்பதற்குள் கொப்புளம் கிளம்பிவிட்டது. ஒரு குழந்தை திரும்பிப் பார்க்கும் காட்சி அது. அந்தச் சில ஃபிரேம்கள் அந்தப் பிரதியில் இனி இல்லை. அன்று முதல் படம் ஓடும்போது ஒரு கை எப்போதும் விளக்கு ஸ்விட்ச்சுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும். சத்தம் மாறினாலே போதும், காரணம் தேடுவதற்கு முன் வெளிச்சத்தை நிறுத்துங்கள்.

ரீலை மாட்டுவதற்கு முன் மெதுவாகச் சுற்றி, இரண்டு ஓரங்களையும் விரலால் மெல்லத் தொட்டபடி பாருங்கள். மெல்லிய பருத்திக் கையுறை போதும். கிழிந்த துளையும் எழும்பிய ஒட்டும் விரலில் தட்டும். பழைய பிலிம் சுருங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புதிய பிலிமையும் பழையதையும் அருகருகே வைத்து 100 துளைகள் எண்ணுங்கள். பழையது ஒரு துளை அளவு குட்டையாக இருந்தால் 1 விழுக்காடு சுருங்கியிருக்கிறது என்று பொருள். அந்த அளவை நெருங்கினாலே சாதாரணப் புரொஜெக்டரில் ஓட்டாமல் இருப்பது நல்லது. கொக்கியும் துளையும் ஒத்துவராமல் கேட்டில் நிற்கும் வாய்ப்பு மிக அதிகம்.

அசையாப் படமும் மெதுவான ஓட்டமும்

சில சிறிய புரொஜெக்டர்களில் ஒரே ஃபிரேமை நிறுத்திப் பார்க்கும் வசதி உண்டு. அந்த நிலையில் ஒரு கம்பி வலையோ கூடுதல் கண்ணாடியோ தானாக விளக்குக்கு முன்னால் வந்து விழும், படம் மங்கும். அந்த மங்கல் பழுது இல்லை, அதுதான் பாதுகாப்பு. வலை துருப்பிடித்து விழாமல் நின்றுவிட்டதா என்பதைப் பிலிம் மாட்டாமல் ஒருமுறை சோதியுங்கள். நொடிக்கு 18 ஃபிரேமுக்குப் பதில் 6 ஃபிரேமில் ஓட்டினால் ஒவ்வொரு ஃபிரேமும் மூன்று மடங்கு நேரம் சூட்டில் நிற்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

காற்றுப் பாதை

தரைவிரிப்பின் மீதோ மெத்தையின் மீதோ கருவியை வைத்தால் அடியில் காற்று இழுக்கும் துளைகள் அடைபடும். மின்விசிறியின் இறகுகளில் பஞ்சு சேரும், ரப்பர் பெல்ட் தளரும். விசிறி சுற்றுகிறது என்பது போதாது, வெளியே வரும் காற்றைக் கையால் உணர்ந்து பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்த கருவியை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால், மின் அதிர்வெண்ணை நம்பிச் சுழலும் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். பிலிமும் மெதுவாகும், காற்றும் குறையும்.

நைட்ரேட்டைத் தெரியாமல் ஓட்டுவது

இதுவரை சொன்னவை படத்துக்கு வரும் ஆபத்து. இது உயிருக்கே ஆபத்து. 1950-களின் தொடக்கம் வரை 35 மி.மீ. பிலிம் பெரும்பாலும் செல்லுலோஸ் நைட்ரேட்டில் வந்தது. கோடாக் நிறுவனம் 1948-இல் எளிதில் தீப்பற்றாத, தரமான டிரைஅசிட்டேட் பிலிமைக் கொண்டுவந்து, சில ஆண்டுகளில் நைட்ரேட் தயாரிப்பைக் கைவிட்டது. நைட்ரேட் எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும், வரும் புகை நச்சு. சிதையத் தொடங்கிய சுருள் என்றால் மிகக் குறைந்த சூட்டிலேயே பற்றலாம்.

16 மி.மீ., 8 மி.மீ. பிலிம்கள் வீட்டில் ஓட்டுவதற்காகவே வந்தவை என்பதால் தொடக்கத்திலிருந்தே எளிதில் தீப்பற்றாத அடிப்பொருளில் செய்யப்பட்டன. கவலை 35 மி.மீ.-இல்தான். ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பிரதி எடுக்கும்போது மூலப் பிலிமின் ஓர எழுத்தும் சேர்ந்து பதிந்துவிடுவது உண்டு. பழைய 35 மி.மீ. சுருள் கையில் கிடைத்து, பிசுபிசுப்போ பழுப்புத் தூளோ தெரிந்தால் புரொஜெக்டரின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அறையின் குளிர்ந்த மூலையில், சூடான எதற்கும் அருகில் இல்லாமல் வைத்துவிட்டு, திரைப்பட ஆவணக் காப்பகம் ஒன்றைத் தொடர்புகொள்ளுங்கள்.

பிலிம் பொசுங்கிவிட்டால்

விளக்கை அணைத்து, கேட்டைத் திறந்து, பிலிம் ஆறும் வரை காத்திருங்கள். சூடாக இருக்கும்போது இழுத்தால் உருகிய பகுதி கேட்டில் ஒட்டி, அடுத்த ஃபிரேம்களும் கிழியும். கெட்ட ஃபிரேம்களை மட்டும் வெட்டி ஒட்டுங்கள். கேட்டில் ஒட்டிய கரியைத் திருப்புளியால் சுரண்ட வேண்டாம். மழமழப்பான அந்தப் பரப்பில் ஒரு கீறல் விழுந்தால் இனி ஓடும் ஒவ்வொரு ரீலிலும் அதே கோடு விழும். மூங்கில் குச்சியைத் தட்டையாகச் சீவி, மெல்லத் தள்ளி எடுங்கள்.