10 ஜிபிபிஎஸ் என்று காட்டினால் நம்பிவிடாதீர்கள்

விர்ச்சுவல் மெஷினுக்குள் (சர்வரில் மென்பொருளால் உருவாக்கிய கணினி) நெட்வொர்க் அடாப்டரின் நிலையைத் திறந்தால் 10 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 10 கிகாபிட்) என்று போட்டிருக்கிறது. அடியில் இருக்கும் சர்வரிலோ 1 ஜிபிபிஎஸ் நெட்வொர்க் கார்டுதான். மீதி ஒன்பது எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை. விர்ச்சுவல் மெஷின்களை இயக்கும் மென்பொருளான விஎம்வேரின் விஎம்எக்ஸ்நெட்3 அடாப்டர் அப்படி ஓர் எண்ணைச் சொல்லிவைக்கிறது, அவ்வளவுதான். வெளியே போகும் தரவு 1 ஜிபிபிஎஸ் கார்டில் வந்து முட்டத்தான் செய்யும். அதே ஹோஸ்டில் (மெஷின்களைத் தாங்கும் சர்வர்), அதே விர்ச்சுவல் சுவிட்சில் (அவற்றை இணைக்கும் மென்பொருள் சுவிட்ச்) இருக்கும் இரண்டு மெஷின்கள் தமக்குள் பேசினால் கார்டைத் தொடுவதே இல்லை. அப்போது வேகம் 10-ஐத் தாண்டவும் கூடும். திரையில் தெரியும் எண்ணை அளவீடாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு.

அடுத்தது, பெரிய கோப்பை நகலெடுத்துப் பார்த்து நெட்வொர்க் மந்தம் என்று தீர்ப்பு எழுதுவது. அதில் பாதி வட்டின் வேகம். நெட்வொர்க்கின் வேகத்தை மட்டும் அளக்கும் ஐபெர்ஃப்3 கருவியால் அளந்து பாருங்கள்: இரு திசைகளிலும், ஒற்றை இணைப்பிலும் பல இணைப்புகளிலும். 1 ஜிபிபிஎஸ் கார்டில் 940 மெகாபிட் வந்தால் குறை சொல்ல எதுவுமில்லை. அதையே நொடிக்குச் சுமார் 117 மெகாபைட் என்று படித்துவிட்டுப் பதறுபவர்கள் உண்டு. பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொண்டதன் விளைவு அது. ஒரு பைட்டுக்கு எட்டு பிட்; எட்டால் பெருக்கினால் பதற்றம் அடங்கும்.

உண்மையிலேயே வேகம் குறைவு என்றால், அடாப்டரின் வகையைப் பாருங்கள். இ1000 என்பது இன்டெலின் பழைய கிகாபிட் சிப்பை மென்பொருளால் நடித்துக் காட்டுவது. பெரும்பாலான இயக்க முறைமைகள் அதை அடையாளம் காணும். ஆனால் அந்த நடிப்புக்கான கூலியைச் செயலி கொடுக்கிறது. விஎம்வேரில் விஎம்எக்ஸ்நெட்3, கேவிஎம்மில் (லினக்ஸின் விர்ச்சுவல் மெஷின் வசதி) விர்ட்ஐஓ என்று அடாப்டரை மாற்றுவதே பெரும்பாலும் தீர்வு. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியின் முதல் தலைமுறை மெஷின்களில் லெகசி (பழைய வகை) அடாப்டர் மிச்சமிருந்தால், அது 100 மெகாபிட் சங்கதி.

மாற்றும்போதும் ஒரு பள்ளம் இருக்கிறது. நான் விழுந்த பள்ளம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழியே தொலைவிலிருந்து நுழையும் முறை) வழியாக மட்டுமே எட்டக்கூடிய ஒரு லினக்ஸ் மெஷினில் அடாப்டரை மாற்றினேன். ஈஎன்எஸ்33 என்று இருந்த அடாப்டரின் பெயர் ஈஎன்எஸ்192 ஆகிவிட்டது. ஐபி முகவரியோ பழைய பெயருக்கே எழுதிவைக்கப்பட்டிருந்தது. இணைப்பு அறுந்துபோய், அன்றிரவு கன்சோல் (நெட்வொர்க் இல்லாமலே மெஷினின் திரைக்குப் போகும் வழி) அனுமதி உள்ள ஒருவரை எழுப்ப வேண்டியதாயிற்று. விண்டோஸில் பழைய அடாப்டர் மறைந்து நின்றபடியே நிலையான ஐபியைப் பிடித்துவைத்திருக்கும். எனவே டிரைவரை முன்கூட்டியே நிறுவி, முகவரியைக் குறித்துவைத்து, கன்சோலில் உட்கார்ந்து மாற்றுங்கள்.

ஜம்போ ஃபிரேமையும் (வழக்கத்தைவிடப் பெரிய தரவுப் பொட்டலம்) அரைகுறையாக வைக்காதீர்கள். மெஷினில் மட்டும் எம்டியுவை (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு, பைட்டில்) 9000 ஆக்கினால் போதாது. விர்ச்சுவல் சுவிட்ச், வெளிச் சுவிட்ச், மறுமுனை என எல்லா இடத்திலும் அதற்கு இடமிருக்க வேண்டும். பொட்டலத்தைத் துண்டாக்கத் தடை விதித்து, 8972 பைட்டுடன் (9000-இல் தலைப்புகளுக்கான 28 போக) பிங் என்னும் சோதனைப் பொட்டலம் அனுப்பினால் வழியில் அடைக்கிறதா என்று தெரிந்துவிடும்.