ஏசிசிஏவில் உயர்நிலை வரித் தாளைத் தேர்வு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏசிசிஏ என்பது பிரிட்டனைத் தலைமையிடமாகக் கொண்ட கணக்காளர் தொழிற்படிப்பு. அதன் இறுதிக் கட்டத்தில் இரண்டு கட்டாயத் தாள்களுடன், நான்கு விருப்பத் தாள்களில் இரண்டையும் எழுத வேண்டும். நிதி மேலாண்மை, செயல்திறன் மேலாண்மை, தணிக்கை, வரி ஆகியவற்றின் உயர்நிலைத் தாள்களே அந்த நான்கு. இவற்றுள் வரித் தாளை முன்பு பி6 என்றார்கள். இப்போது ஏடிஎக்ஸ் என்கிறார்கள். அதற்குச் சில நாடுகளின் சட்டத்தை ஒட்டிய தனிப் பதிப்புகள் உண்டு. இந்தக் கட்டுரை பிரிட்டன் பதிப்பைப் பற்றியது. இந்தத் தாளில் தோற்பவர்களில் பலர் படிக்காமல் தோற்பதில்லை என்பதும், தேர்ந்தெடுத்த நாளிலேயே கணக்குத் தவறிவிடுகிறது என்பதும் என் எண்ணம்.

முதல் தவறு, அடித்தளம் இல்லாமல் மாடி கட்டுவது. இந்தியாவில் சிஏ முடித்தவர்களுக்கு ஏசிசிஏவின் முதல் ஒன்பது தாள்களிலிருந்து விலக்குக் கிடைக்கிறது. டிஎக்ஸ் என்னும் அடிப்படை வரித் தாளும் அந்த ஒன்பதில் அடக்கம். வருமான வரியிலும் ஜிஎஸ்டியிலும் ஊறிப்போன ஒருவர், வரி தமக்குக் கைவந்த கலை என்ற துணிவில் நேரே ஏடிஎக்ஸைத் தேர்ந்தெடுக்கிறார். ஆனால் டிஎக்ஸ் பிரிட்டன் பாடத்திட்டம் முழுவதும் தெரியும் என்று கொண்டுதான் ஏடிஎக்ஸ் தொடங்குகிறது. விலக்குப் பெற்றவர் அந்தப் பாடத்தைப் படிக்கவே இல்லை என்பது வினாத்தாளுக்குத் தெரியாது. இறந்தவரின் சொத்து மீது விதிக்கப்பட்ட எஸ்டேட் டியூட்டி இந்தியாவில் 1985-லேயே நீக்கப்பட்டுவிட்டதால், வாரிசு வரி என்னும் ஒரு கிளை முழுவதுமே இவர்களுக்குப் புதிது. ஏடிஎக்ஸிலோ அது அடிக்கடி தலைகாட்டும் பகுதி. ஆகவே விலக்குக் கிடைத்திருந்தாலும் டிஎக்ஸ் புத்தகத்தை வாங்கி, குறைந்தது இரண்டு மாதமாவது அதன் பயிற்சிக் கணக்குகளைப் போட்டுப் பார்த்த பிறகே ஏடிஎக்ஸைப் பற்றி முடிவெடுப்பது நல்லது. அதற்கு நேரமில்லை என்றால் வேறு விருப்பத் தாளை எடுப்பதே விவேகம்.

இரண்டாவது தவறு, ஏடிஎக்ஸை இன்னும் பெரிய டிஎக்ஸ் என்று நினைப்பது. கணக்குப் போடுவதில் விருப்பமுள்ளவர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பிரிட்டனில் வாழும் ஒரு தாய் 1,50,000 பவுண்டுக்கு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் வீடு இன்று 4,00,000 பவுண்டு பெறுகிறது. அதை மகளுக்கு இப்போதே கொடுத்துவிடலாமா, உயிலில் எழுதி வைக்கலாமா என்று அவர் கேட்கிறார். இப்போது கொடுத்தால், பணம் எதுவும் கைமாறாவிட்டாலும் சந்தை விலைக்கு விற்றதாகவே சட்டம் கொள்ளும். அவர் உயர் வீதத்தில் வரி செலுத்துபவராக இருந்தால், 2,50,000 பவுண்டு ஆதாயத்தில் ஆண்டு விலக்கான 3,000 பவுண்டு போக, மீதிக்கு 24 விழுக்காடு வீதம் 59,280 பவுண்டு மூலதன ஆதாய வரி வரும். வாடகை வீடு வணிகச் சொத்து அல்ல என்பதால், கொடைக்குரிய சலுகையைக் கேட்டு இந்த வரியைத் தள்ளிப்போடவும் முடியாது. ஆனால் கொடுத்த பிறகு அவர் ஏழு ஆண்டுகள் உயிரோடு இருந்துவிட்டால், அந்த வீட்டின் மீது வாரிசு வரி கிடையாது. உயிலில் எழுதி வைத்தாலோ மூலதன ஆதாய வரி அறவே இல்லை. பின்னாளில் மகள் விற்றால் ஆதாயத்தைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் அடக்க விலையும், தாய் இறந்த நாளின் சந்தை விலைக்கு உயர்ந்துவிடும். ஆயினும் 3,25,000 பவுண்டு என்ற வரியில்லா வரம்பைப் பிற சொத்துகளே தீர்த்துவிட்டிருந்தால், இந்த வீட்டுக்கு மட்டும் இன்றைய விலையில் 40 விழுக்காடு, அதாவது 1,60,000 பவுண்டு வாரிசு வரி விழும்.

டிஎக்ஸ் இவற்றில் ஏதேனும் ஒரு தொகையைக் கணக்கிடச் சொல்லும். ஏடிஎக்ஸ் அந்தத் தாய்க்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்கும். அவருடைய வயது என்ன, உடல்நிலை எப்படி, மகள் வீட்டை விற்கப் போகிறாரா, இப்போதே 59,280 பவுண்டு கட்ட அவரிடம் ரொக்கம் இருக்கிறதா என்றெல்லாம் யோசித்து எழுத வேண்டும். வீட்டைக் கொடுத்துவிட்டு வாடகையைத் தாயே தொடர்ந்து வாங்கிக்கொண்டிருந்தால் ஏழாண்டு விதி அவருக்குக் கைகொடுக்காது என்பதையும் கேளாமலே சொல்ல வேண்டும். மதிப்பெண்ணும் அதற்கேற்பவே பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் கேள்விக்கு 50, அடுத்த இரண்டுக்கும் தலா 25 என்று அமைந்த தாளில், 20 மதிப்பெண்கள் தொடர்புத்திறன், பகுப்பாய்வு, ஐயப்பார்வை, வணிக நுண்ணறிவு ஆகிய தொழில்திறன்களுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. வரி வீதங்களையும் விலக்குகளையும் தேர்விலேயே அட்டவணையாகக் கொடுத்துவிடுகிறார்கள். எந்தச் சலுகை எந்த நிபந்தனையில் கிடைக்கும் என்பதைத்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். பத்தி பத்தியாக விளக்கி எழுதுவது பிடிக்காதவருக்கு, எண்களில் எவ்வளவு தேர்ச்சி இருந்தாலும், இது ஏற்ற தாள் அல்ல.

மூன்றாவது தவறு காலக்கணக்கைப் பாராமல் பதிவு செய்வது. வரி விதிகளை மாற்றும் பிரிட்டனின் நிதிச் சட்டம் ஜூலை 31-க்குள் நிறைவேறியிருந்தால், அடுத்த ஆண்டு ஜூன் முதல் அதற்கடுத்த மார்ச் வரை நடக்கும் நான்கு அமர்வுகளில் கேட்கப்படும்; அடுத்த ஜூனில் சட்டம் மாறிவிடும். முதல் முயற்சியை மார்ச்சில் வைத்துக்கொள்பவர் தோற்றால், ஏப்ரல் நடுவில் முடிவு தெரிந்து, மிஞ்சிய சில வாரங்களில் புதிய சட்டத்தைப் படித்து ஜூனில் எழுத நேரிடும். ஜூனிலோ செப்டம்பரிலோ தொடங்குபவருக்கு, அதே சட்டத்தில் இன்னொரு முறை எழுதிப் பார்க்க இடம் இருக்கிறது. சீனியர் கொடுத்த பழைய நோட்ஸை நம்பும் வழக்கத்தையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். வெளிநாட்டு வருமானத்தைப் பிரிட்டனுக்குள் கொண்டுவந்தால்தான் வரி என்ற முறை 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் ஒழிந்துவிட்டது. மூலதன ஆதாய வரியின் பொது வீதங்கள் 2024 அக்டோபர் 30 முதல் 10, 20 விழுக்காட்டிலிருந்து 18, 24 விழுக்காடாக உயர்ந்துவிட்டன. இந்த மாற்றங்களுக்கு முந்தைய நோட்ஸில், முதலில் சொன்ன முறைக்கு அடிப்படையாக இருந்த டொமிசைல், அதாவது ஒருவருடைய நிரந்தரத் தாயகம் எது என்பது பற்றிய அத்தியாயமே பக்கம் பக்கமாக இருக்கும். அதை மனப்பாடம் செய்வது உழைப்பு வீண் என்பதோடு நிற்காது. தவறான விடைக்கே கொண்டுபோய்விடும்.

தேர்ச்சி விகிதத்தை ஒப்பிட்டுத் தாளைத் தேர்ந்தெடுப்பதும் பரவலாக உள்ள பழக்கம். விருப்பத் தாள்கள் நான்கிலும் அது பெரும்பாலும் 50 விழுக்காட்டுக்குக் கீழேயே இருப்பதால், சில புள்ளிகள் கூடுதலாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. மேலும், பிரிட்டனில் வரி ஆலோசனை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஏடிஎக்ஸ் எழுதுபவர்களும் அந்த விகிதத்துக்குள்தான் இருக்கிறார்கள். நாள்தோறும் கோப்புகளில் பார்த்ததை எழுதும் அவர்களுடைய தேர்ச்சி, சென்னையில் புத்தகத்தை மட்டும் வைத்துப் படிப்பவருடைய வாய்ப்பைக் காட்டாது.

கடைசியாக, வேலை. பிரிட்டன் நிறுவனங்களுக்கு இங்கிருந்தே வரிக் கணக்கு தயாரிக்கும் அலுவலகங்களில் சேர நினைப்பவருக்கும், பிரிட்டனிலேயே தொழில் செய்ய நினைப்பவருக்கும் ஏடிஎக்ஸ் நேரடியாகப் பயன்படும். நிறுவன வரியில் 50,000 பவுண்டு வரையிலான லாபத்துக்கு 19 விழுக்காடு, 2,50,000-க்கு மேல் 25 விழுக்காடு என்பதும், தொடர்புடைய நிறுவனங்களின் எண்ணிக்கையால் அந்த வரம்புகள் வகுபடும் என்பதும் அவர்களுடைய அன்றாட வேலை. இந்தியாவில் வருமான வரி, ஜிஎஸ்டி ஆலோசகராக விரும்புபவருக்கு இந்தத் தாளின் சட்டப்பகுதி அலுவலகத்தில் அவ்வளவாகக் கைகொடுக்காது. தொழிற்சாலை நிதிப் பிரிவிலோ வங்கியிலோ சேர எண்ணுபவர் நிதி மேலாண்மையையும் செயல்திறன் மேலாண்மையையும் எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டன் தணிக்கை அலுவலகங்களைக் குறிவைப்பவர் தணிக்கைத் தாளுடன் ஏடிஎக்ஸைச் சேர்த்தால், ஒரே வாடிக்கையாளரின் கோப்பை இரண்டு பக்கமிருந்தும் படிக்கும் பழக்கம் கிடைக்கும். மலேசியாவில் வேலை பார்ப்பவருக்கு அந்த நாட்டுக்கான பதிப்பே தனியாக இருக்கிறது. பதிவுப் படிவத்தில் எந்தப் பதிப்பைக் குறித்திருக்கிறோம் என்பதை, கட்டணம் செலுத்துவதற்கு முன் அவர் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.